பிள்ளைகளோடு சேர்ந்து ஆடத்தக்க வீடியோ கேம்கள்

நுவரெலியாவில் மழை விடாது பெய்யும் நாட்களில், பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு மூலையில் முடங்குகிறார்கள் என்று குறைப்படும் பெற்றோர், அதைப் பறித்து வைப்பதைவிட அருகில் அமர்ந்து தாமும் ஆடிப் பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

முதலில் நான் பரிந்துரைப்பது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்பவர் படம், இசை, நிரல் அனைத்தையும் தனியொருவராக நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து உருவாக்கி, 2016இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு இது. கணினியில் திரையைப் பிரித்துக்கொண்டு, தாய் நிலத்தைக் கொத்த மகன் மீன் பிடிக்கலாம். இதில் தேயிலையும் உண்டு. நட்ட கன்று 20 நாட்களில் முதிர்ந்து, 28 நாட்கள் கொண்ட பருவத்தின் கடைசி 7 நாட்களில் மட்டும், நாளுக்கு ஓர் இலை வீதம் தருகிறது. வெளியில் நட்டிருந்தால் குளிர்காலத்தில் அதுவும் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் நம் தோட்டங்களில் இந்தக் கணக்கைச் சொன்னால் கங்காணி சிரிப்பார்.

2021இல் வெளிவந்த இட் டேக்ஸ் டூ விளையாட்டைத் தனியாக ஆடவே முடியாது; ஒருவர் ஆணியை எறிந்தால்தான் மற்றவர் அதில் சுத்தியலை மாட்டித் தாவ முடியும். ஆயினும் அதன் கதை பிரியவிருக்கும் பெற்றோரைப் பற்றியது என்பதாலும், ஐரோப்பிய வயது மதிப்பீடு 12 என்பதாலும், சிறு பிள்ளைகளுக்கு நான் அதைத் தரமாட்டேன். அவர்களுக்கு நால்வர் வரை கூடிச் சமைக்கும் ஓவர்குக்ட் போதும். கூச்சலுக்கு மட்டும் அயல் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.