பிக்காசா போச்சு, பேரு போகக்கூடாதுல்ல

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு கை கூட கழுவல, ஹால்லேர்ந்து டப்புனு ஒரு சத்தம், பின்னாடியே வயர் கருகுன நாத்தம். பழைய டெஸ்க்டாப்புக்குள்ள கரண்ட் குடுக்குற பொட்டி, எஸ்எம்பிஎஸ்ம்பாங்க, அது போயிடுச்சு. 2011ல வாங்குனது, விண்டோஸ் 7, அத இன்னும் பழைய இரும்புக்குப் போடாம வச்சிருந்ததே ஒரே ஒரு காரணத்துக்கு. பிக்காசா. கூகுள் ஒரு காலத்துல ஓசில குடுத்த போட்டோ புரோக்ராம், போட்டோல மூஞ்சி மூஞ்சியா பேரு போடலாம். ஆமாங்க பிக்காசாவேதான், சிரிக்காதீங்க.

அன்னிக்கு காலையிலதான் பெரியப்பா பையன் வாட்ஸப்ல கேட்டிருந்தான், அப்பாவுக்கு எண்பது வருது, மண்டபத்துல ஸ்கிரீன்ல ஓட்டணும், பழைய போட்டோவெல்லாம் எடுத்து அனுப்புன்னு. நானும் கெத்தா "ஒரு கிளிக்குடா, பேரத் தட்டுனா அவ்ளோ போட்டோவும் வரிசையா வந்து நிக்கும்"னு பதில் போட்டேன். அதோட வந்தது வினை.

மறுநாள் லீவு போட்டுட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு தூக்கிட்டு ஓடுனேன். கடைக்காரர் திறந்து பாத்துட்டு, உள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கு மேடம், போட்டோ இருக்குறது நல்லாருக்கு, சி டிரைவ் இருந்தது காலின்னாரு. நல்லா இருந்தத ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டுக் குடுத்தாரு. வீட்டுக்கு வந்து புது லேப்டாப்ல சொருகிப் பாத்தா பதினாலாயிரம் சொச்சம் போட்டோவும் பத்திரமா இருக்கு. அம்மா, "அப்புறம் என்னடி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, போட்டோதான் இருக்கே"ன்னாங்க. போட்டோ இருக்கும்மா, அதுல யாரு யாருன்னு எழுதி வச்சதுதான் சி டிரைவ்ல இருந்த பிக்காசாவோட போச்சு.

அது ஏன் எனக்கு அவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லணும்னா 2015க்குப் போகணும். அப்ப நாங்க ஜாபர்கான்பேட்டைல தரை வீட்டுல இருந்தோம். டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கத்துலேர்ந்து திறந்த தண்ணி அடையாறு கொள்ளாம ஊருக்குள்ள வந்தப்ப, கையில கெடச்சதத் தூக்கிட்டு மாடி வீட்டுக்குப் போனோம். பாட்டிய நாற்காலியோட தூக்குனோம். ஆல்பம் ஞாபகமே யாருக்கும் வரல. தண்ணி வடிஞ்சு இறங்கி வந்து பாத்தா பீரோ கீழ் தட்டுல இருந்த ஏழு ஆல்பமும் ஒரே செங்கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு கெடக்கு. காய வச்சு பிரிக்கலாம்னு அப்பா சொன்னாரு, நல்லவேளை செய்யல. காஞ்சா அந்த மேல் பூச்சு எதிர் பக்கத்தோட ஒட்டி மூஞ்சியே உரிஞ்சு வந்துடும். பேசின்ல நல்ல தண்ணி ஊத்தி ஊற விட்டு, ஒவ்வொண்ணா தண்ணிக்குள்ளயே பிரிச்சு, மொட்டை மாடில நெழல்ல கொடி கட்டி துணி கிளிப்பு போட்டுத் தொங்க விட்டோம். எங்க தாத்தா பாட்டி கல்யாணப் போட்டோ உள்பாவாடைக்குப் பக்கத்துல காஞ்ச காட்சிய நான் மறக்கவே மாட்டேன்.

பின்பக்கம் தாத்தா இங்க் பேனால எழுதி வச்சிருந்த பேரெல்லாம் கரைஞ்சு ஊதாக் கறையா ஆயிடுச்சு. அதனால ஸ்கேன் பண்ணப்பண்ண ராத்திரி ராத்திரி பாட்டிய பக்கத்துல உக்கார வச்சு, இது யாரு பாட்டி, இது யாருன்னு கேட்டு பிக்காசால மூஞ்சி மூஞ்சியா பேரு போட்டேன். அதுல இருக்குற முக்கால்வாசி ஆளுங்கள எங்கம்மாவுக்கே தெரியாது. பாட்டி 2018ல தவறிட்டாங்க. திரும்பக் கேக்க ஆளில்ல.

இதுல பாருங்க, நான் பாதி ஸ்கேன்ல இருக்கும்போதே, 2016 பிப்ரவரி 12ஆம் தேதி கூகுள் அறிவிச்சிட்டாங்க, பிக்காசாவ நிறுத்துறோம், டெஸ்க்டாப் புரோக்ராமுக்கு மார்ச் 15ஓட சப்போர்ட் கிடையாது, இனிமே கூகுள் போட்டோஸ்தான்னு. அன்னிக்கே வேற எதுக்காவது மாறியிருக்கணும். இருக்குறது ஓடுதுல்ல, ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டேன், அது பாட்டுக்கு வருஷக்கணக்கா ஓடுச்சு, அதுதான் தப்பாப் போச்சு.

சரி, இப்ப எதுக்கு மாறுறது? ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் ஒரே ஒரு சோதனை வச்சேன். ஒரு போட்டோல பாட்டி மூஞ்சிக்கு பேரு போடுறது, அந்த ஃபைல மட்டும் பென் டிரைவ்ல காப்பி பண்ணி ஆபீஸ் லேப்டாப்ல வேற ஒரு புரோக்ராம்ல திறக்குறது, பேரு கூட வருதா வரலையா. அவ்ளோதான். கலர் சூப்பரா வருதா, ஏஐ வானத்த மாத்துதா, அதெல்லாம் எனக்கு ரெண்டாவது. தாத்தா போட்டோ பின்னாடி எழுதுன மாதிரி, பேரு போட்டோவோடயே ஒட்டிட்டு இருக்கணும், புரோக்ராம் நாளைக்கு மண்டையப் போட்டாலும்.

எல்லாரும் மொதல்ல சொன்னது கூகுள் போட்டோஸ். தேடுறதுல அத அடிச்சிக்க ஆளில்ல, "மஞ்ச புடவை"ன்னு தட்டுனா கூட எடுத்துக் குடுக்குது. ஆனா 2021 ஜூன் 1லேர்ந்து போட்டோவும் அந்த 15 ஜிபி கணக்குலதான் வருது, மெயிலும் அதுலயேதான், அதுக்கு மேல காசு. காசு கூட குடுத்துடலாம், நம்ம சோதனைல நிக்கலியே. அங்க போடுற பேரு அங்கயேதான் இருக்கு, டவுன்லோட் பண்ற போட்டோக்குள்ள வரல. நம்மளோடத மொத்தமா திருப்பி எடுக்க கூகுள் குடுக்குற டேக்அவுட்ல எடுத்தாலும் விவரமெல்லாம் பக்கத்துல ஜேசன்னு ஒரு எழுத்து ஃபைல்ல தனியா வருது. போன்ல எடுக்குறதுக்கு அது இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

கீழ் வீட்டுத் தம்பி கல்யாண போட்டோகிராஃபர். அவன் அடோபியோட லைட்ரூம்தான்கா, வேற பேச்சே இல்லைன்னான். அவன் உக்காந்து காமிச்சான், நெஜமாவே பிரமாதம், வெள்ளத்துல மஞ்சளாப் போன ஒரு போட்டோவ அஞ்சு நிமிஷத்துல தேத்திட்டான். செட்டிங்ஸ்ல எக்ஸ்எம்பில, அதாவது பேரு மாதிரி விவரத்த ஃபைலுக்குள்ள வைக்கிற முறைல, எழுதுற ஆப்ஷன ஆன் பண்ணா பேரும் ஃபைலுக்குள்ள போயிடுது, அது சாதாரணமா ஆஃப்ல இருக்கும், நாமதான் ஆன் பண்ணணும். ஆனா மாச வாடகை. ஒரு தடவை காசு குடுத்து வாங்குறதுல கடைசி லைட்ரூம் 6, அதுக்கும் 2017ஓட அப்டேட் நின்னுடுச்சு. சீசன்ல மாசத்துக்கு எட்டு கல்யாணம் பண்றவனுக்கு அது தொழில் செலவு, எனக்கு வருஷத்துக்கு நாலு தடவை திறக்குறதுக்கு மாசாமாசம் வாடகைன்னா கேபிள் காசு மாதிரி உறுத்தும். அவனே இன்னொண்ணும் சொன்னான். அவன் தொழில் கத்துக்கிட்ட அண்ணன் ஆப்பிளோட அப்பர்ச்சர்ங்கிற போட்டோ புரோக்ராம்ல பத்து வருஷ வேலைய வச்சிருந்தாராம். 2014 ஜூன்ல ஆப்பிள் அத நிறுத்துறோம்னாங்க, 2019ல மேக்குக்கு கேட்டலினாங்கிற புது சிஸ்டம் வந்தப்ப அதுல அப்பர்ச்சர் திறக்கவே இல்ல. காசு குடுத்து வாங்குனவங்களுக்கே அந்தக் கதின்னா ஓசில பிக்காசா வச்சிருந்த நான் எந்த மூலைக்கு.

டார்க்டேபிள்னு ஒரு இலவச புரோக்ராம், அது கேமரா பதப்படுத்தாம குடுக்குற ரா ஃபைல் எடுக்குறவங்களுக்கு, அதுல ஆள் மூஞ்சி அடையாளம் பாக்குற வேலையே இல்ல, எனக்கு ஆகாது. அக்கா பையன் இம்மிச்னு ஒண்ணு சொன்னான், கூகுள் போட்டோஸ் மாதிரியே, ஆனா வீட்டுலயே சர்வர் வச்சுக்கலாம் சித்தின்னு, யாருடா அத பாத்துக்குறது, நீ பெங்களூர் போயிட்டா நான் யாரக் கூப்பிடுவேன்னு கேட்டேன், பேசாம இருந்துட்டான்.

கடைசில நின்னது டிஜிகாம். கேடிஇன்னு இலவச சாஃப்ட்வேர் பண்ற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்க பண்றது, இலவசம், விண்டோஸ் லினக்ஸ் மேக் எல்லாத்துலயும் ஓடும். பிக்காசா மாதிரி அழகெல்லாம் கிடையாது. மெனுவத் திறந்தா சரவணா ஸ்டோர்ஸ் தீபாவளி கூட்டம் மாதிரி இருக்கு, எது எங்க இருக்குன்னு பழக எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. பிக்காசால "ஐம் ஃபீலிங் லக்கி"னு ஒரு பட்டன் இருக்கும், ஒரு தட்டு தட்டுனா போட்டோ பளிச்சுனு ஆயிடும், அந்த மாதிரி சுகம் இதுல இல்ல. ஆனா சோதனைல பாஸ். செட்டிங்ஸ்ல மெட்டாடேட்டா பக்கம் போய் ஃபேஸ் டேக்க, அதாவது மூஞ்சிக்குப் போட்ட பேர, ஃபைல்ல எழுதுறதுக்கு டிக் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. ஆபீஸ் லேப்டாப்ல திறந்தா பாட்டி பேரு பாட்டி மூஞ்சி மேலயே வந்து நின்னுச்சு.

இனிமேதான் நெசமான வேலை. பழைய பேரெல்லாம் சி டிரைவோட போச்சுன்னு நெனச்சு ரெண்டு நாள் சோறே எறங்கல. அக்கா பையன்தான், "சித்தி, மறைச்சு வச்ச ஃபைலெல்லாம் காமிக்கச் சொல்லி பாத்தீங்களா"ன்னான். பாத்தா ஒவ்வொரு ஃபோல்டர்லயும் பிக்காசா டாட் ஐஎன்ஐன்னு ஒரு குட்டி ஃபைல் உக்காந்துட்டு இருக்கு! நோட்பேட்ல திறந்தோம். போட்டோ பேரு, அதுக்குக் கீழ ஃபேசஸ்னு போட்டு, ரெக்ட்64னு எழுதி அடைப்புக்குள்ள எழுத்தும் நம்பரும் கலந்து பதினாறு, அதுக்கப்புறம் ஒரு ஐடி. ஃபைல்ல வேற ஒரு இடத்துல அந்த ஐடிக்கு எதிரே "திண்டிவனம் அத்தை". அதப் பாத்த ஒடனே எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்தப் பதினாற நாலு நாலா வெட்டணுமாம், இடது, மேல், வலது, கீழ், ஒவ்வொண்ணையும் நம்பரா மாத்தி 65536ஆல வகுத்தா போட்டோல மூஞ்சி எங்க இருக்குன்னு வந்துடும். பையன் போட்டோக்குள்ள விவரம் எழுதுற எக்ஸிஃப்டூல்னு ஒண்ணு வச்சு சின்னதா ஸ்கிரிப்ட் எழுதி, அந்தக் கட்டத்தையும் பேரையும் ஜேபெக் உள்ளயே எக்ஸ்எம்பியா எழுத வச்சான். மொதல்ல ஒரு ஃபோல்டர காப்பி எடுத்து அதுல மட்டும் ஓட்டிப் பாத்தோம், நல்லதாப் போச்சு. ஏன்னா போட்டோவோட இடது ஓரத்துல நிக்கிறவங்க எல்லாருக்கும் கட்டம் தப்புத்தப்பா விழுந்துச்சு, திண்டிவனம் அத்தை பேரு பக்கத்துல இருந்த குரோட்டன்ஸ் தொட்டி மேல. அரை நாள் மண்டைய ஒடச்சிட்டு கண்டுபுடிச்சான், முன்னாடி பூஜ்யம் வந்தா பிக்காசா அத எழுதாம விட்டுடுது, அதனால பதினாறு பதினஞ்சாயிடுது, எல்லாம் ஒரு எடம் தள்ளிப்போயிடுது. முன்னாடி ஒரு பூஜ்யம் சேத்தான், அத்தை தொட்டிய விட்டு எறங்கி வந்தாங்க.

தேதிதான் இன்னும் முடியல. ஸ்கேன் பண்ணதெல்லாம் 2015 டிசம்பர், 2016ன்னே காட்டுது, தாத்தா கல்யாணம் உட்பட. டிஜிகாம்ல மொத்தமா செலக்ட் பண்ணி தேதிய மாத்துற வசதி இருக்கு, ஆனா என்ன தேதின்னு யாரு சொல்றது? மெரினா போட்டோ ஒண்ணுல பின்னாடி இப்ப இருக்குற லைட் ஹவுஸ் முழுசா தெரியுது, அது 1977 ஜனவரில திறந்தது, அப்ப அதுக்கு அப்புறம்தான். சித்தி இடுப்புல கைக்குழந்தை, அது எங்க பெரிய சித்தி பொண்ணுன்னா 78. இப்படி ஒவ்வொண்ணா துப்பறிஞ்சிட்டு இருக்கேன், தெரியலன்னா வருஷம் மட்டும் போட்டுட்டு கேப்ஷன்ல "சுமாரா"ன்னு எழுதிடுறேன்.

இன்னொரு கூத்தும் ஆச்சு. பிக்காசால நாம க்ராப் பண்ணி சேவ் கொடுக்கலன்னா ஒரிஜினல் அப்படியே இருக்கும், எங்க வெட்டுனோங்கிறது மட்டும் அந்த ஐஎன்ஐல இருக்கும். டிஜிகாம் அத கண்டுக்காது. அதனால வருஷக்கணக்கா வெட்டி வச்சதெல்லாம் முழுசா திரும்ப வந்துடுச்சு. பெரியப்பா கிரகப்பிரவேச குரூப் போட்டோவ அம்மாகிட்ட காமிச்சிட்டு இருக்கேன், வலது ஓரத்துல, கையில சொம்போட, சொத்துத் தகராறுல பேச்சு நின்னுபோன மாமா! அவர வெட்டச் சொன்னதே அம்மாதான், ஸ்கேன் பண்ண அன்னிக்கே.

எனக்கு திக்குனு ஆயிடுச்சு, மவுஸ க்ராப் கிட்ட கொண்டு போனேன். அம்மா கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்தாங்க. "முடி எவ்ளோ இருந்திருக்கு பாரு அவனுக்கு"ன்னாங்க. அப்புறம், "இருக்கட்டும், வெட்டாத. கட்டம் போட்டு பேர எழுதிடு, இன்ஷியலோட."