செஷன் உருவாகிவிட்டது, பாக்கெட் போகிறதா?

வீடுகளுக்கு இணையம் தரும் நிறுவனங்களில், ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களின் இணைப்புகள் வந்து சேரும் ரவுட்டரை பிஎன்ஜி என்று அழைக்கிறோம். புதிய மென்பொருளை அதில் ஏற்றுவதற்கு முன், சந்தாதாரர்களைப் போல இயங்கும் ஒரு கருவியைக் கொண்டு பத்தாயிரம் பிபிபிஓஇ செஷன்களை (ஒவ்வொரு சந்தாதாரரும் உள்நுழைந்து பெறும் தனித் தொடர்புகளை) உருவாக்கிப் பார்ப்பதும், அத்தனையும் உருவாகிவிட்டால் சோதனை முடிந்தது என்று கையெழுத்திடுவதும் பல லேப்களில் வழக்கம். அந்த இடத்தில் சோதனை பாதிகூட முடிந்திருக்காது என்பதே என் உறுதியான கருத்து.

1999இல் வெளியான ஆர்எஃப்சி 2516 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்தபடி, பாடி, பாடோ, பாடர், பாட்ஸ் என்ற நான்கு செய்திகளில் செஷனுக்கு ஓர் எண் கிடைக்கிறது; அதன்பின் இணைப்பின் விதிகளை இரு முனைகளும் பேசி முடிக்கும் எல்சிபி, சந்தாதாரர் கணக்குகளைக் கவனிக்கும் ரேடியஸ் சர்வரிடம் கடவுச்சொல் சரிபார்ப்பு, ஐபி முகவரி ஒதுக்கீடு ஆகியவை நடக்கின்றன. இவை எல்லாம் கட்டுப்பாட்டு மென்பொருளின் வேலை. சந்தாதாரரின் தரவைச் சுமக்கும் பாக்கெட்டுகளோ அந்த மென்பொருளைத் தொடாமல், ஃபார்வர்டிங் சிப் வழியாக நேரே கடந்து போகின்றன. எந்த விலான் (ஒரே இணைப்பைப் பிரிக்கும் தனி வலைப்பிரிவு), எந்த செஷன் எண்ணில் வரும் பாக்கெட் யாருடையது, எந்த முகவரிக்கு வரும் பாக்கெட்டை எந்த செஷனுக்குள் அனுப்ப வேண்டும் என்ற பதிவுகளை மென்பொருள் அந்தச் சிப்பில் சரியாக எழுதியிருந்தால்தான் இணையம் ஓடும். ஒரு பதிவு விடுபட்டாலும் செஷன் விழுவதில்லை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் எல்சிபி எக்கோவுக்குப் பதில் வந்துகொண்டே இருக்கும், ரேடியஸும் சந்தாதாரர் ஆன்லைனில் இருப்பதாகவே காட்டும், அவருடைய வீட்டில் மட்டும் எந்தப் பக்கமும் திறக்காது.

ஆகவே ஒவ்வொரு செஷனுக்குள்ளும், இரு திசைகளிலும், அடையாளம் பொறித்த பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். ஆர்டிபிரிக் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட பிஎன்ஜி பிளாஸ்டர் இதைத்தான் செய்கிறது. அது அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஃப்ளோ (ஒரே திசையில் போகும் ஒரு பாக்கெட் வரிசை) எண், செஷன் எண், வரிசை எண், அனுப்பிய நேரம் ஆகியவை இருக்கும். ஐபிவி4, ஐபிவி6, வீட்டு ரவுட்டருக்கு ஒப்படைக்கப்படும் ஐபிவி6 பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) ஆகிய மூன்றுக்கும் திசைக்கு ஒன்றாக ஒரு செஷனுக்கு ஆறு ஃப்ளோக்கள். பத்தாயிரம் செஷன்களுக்கு 60,000. ஒவ்வொன்றிலும் வினாடிக்கு ஒரு பாக்கெட் போதும். 64 பைட் ஃபிரேம்களில் வினாடிக்கு சுமார் 1.48 கோடியைத் தாங்கும் 10 ஜிகாபிட் இணைப்பில் இது ஒரு சுமையே அல்ல.

முடிவை மொத்தச் சதவீதமாகப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. எங்கள் லேப்பில் ஒரு செஷனின் ஐந்து ஃப்ளோக்களில் அனுப்பியதும் வந்ததும் 300, 300 என்று பொருந்தியிருக்க, ஆறாவதான பிரிஃபிக்ஸ் டவுன்ஸ்ட்ரீமில் (சந்தாதாரரை நோக்கிய திசையில்) மட்டும் அனுப்பியது 300, வந்தது 0 என்று இருந்தது. அனுப்பிய மொத்தப் பாக்கெட்டுகளில் அந்த இழப்பின் பங்கு 0.0017 சதவீதம், இரண்டு தசமங்களோடு அச்சிடும் எந்த அறிக்கையிலும் அது பூஜ்யம்தான். ஆனால் வீட்டிலுள்ள கைபேசிகள் ஐபிவி6 முகவரி பெறுவது அந்தப் பிரிஃபிக்ஸிலிருந்துதான். அவை ஐபிவி6இல் முயன்று, பதில் வராமல், ஐபிவி4க்குத் திரும்பும்; சந்தாதாரரோ "நெட் ஸ்லோ" என்று மட்டும் புகார் சொல்வார். அந்தப் புகாரிலிருந்து சிப்பில் விடுபட்ட ஒரு பதிவைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது களத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பாக்கெட்டில் செஷன் எண் இருப்பதால், ஒருவருக்கு உரியது இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும். விடுவிக்கப்பட்ட செஷன் எண் மறுபடி ஒதுக்கப்படும்போது பழைய பதிவு சிப்பில் தங்கியிருந்தால் இப்படி நேரலாம். அதனால் சில நூறு செஷன்களைத் தொடர்ந்து துண்டித்து மீண்டும் இணைத்துக்கொண்டே, மற்றவற்றின் வரிசை எண்களில் இடைவெளி விழுகிறதா என்று பார்ப்பது அவசியம். மாற்று இணைப்புக்குத் தாவும் நேரத்தை அளக்க மட்டும் சில செஷன்களில் வேகத்தைக் கூட்டுவேன்; வினாடிக்கு 1000 பாக்கெட் என்றால், தொலைந்த ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி.

பாக்கெட் அளவையும் விடக் கூடாது: பிபிபிஓஇ தலைப்புகள் 8 பைட் எடுத்துக்கொள்வதால் ஈதர்நெட்டின் வழக்கமான 1500 பைட்டில் எஞ்சுவது 1492, அந்த முழு அளவு இரு திசைகளிலும் உடைபடாமல் போக வேண்டும். போகக் கூடாதவையும் உண்டு. பக்கத்து சந்தாதாரரின் முகவரியை அனுப்புநர் முகவரியாக இட்டு வரும் பாக்கெட்டை ரவுட்டர் கைவிட்டாக வேண்டும்.

கடைசியாக, அனுப்பிய பைட்டுகளை ரேடியஸ் அக்கவுண்டிங் (பயன்பாட்டுக் கணக்கு) சொல்லும் பைட்டுகளோடு ஒப்பிடுவேன். அங்கே பைட்டுகளைக் கணக்கிடும் எண்ணி 32 பிட் கொண்டது, சுமார் 4.29 ஜிகாபைட்டில் பூஜ்யத்துக்குத் திரும்பும், எத்தனை முறை திரும்பியது என்பதை ஜிகாவேர்ட்ஸ் என்ற தனி எண்ணி குறித்துக்கொள்ளும். ஒரே செஷனில் வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் ஆறு நிமிடத்துக்குள் அந்த எல்லை கடந்துவிடும் என்பதால், இதைச் சோதிக்காமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.