முதுகு தண்ணி டெஸ்ட்டா? கூடவே ரத்தம் எடுத்தாங்களான்னு பாத்துட்டு வார்டை விட்டு நகருங்க

தங்கச்சிக்கு ஒரு கண்ணு மங்கி, கண்ண அசைச்சாலே வலி, எம்ஆர்ஐ எடுத்தா மூளைல வெள்ளைப் புள்ளிங்க. இந்த வழில வந்தவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்ச கதைதான். நியூரோ டாக்டர் சொன்னது, எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்பு உறையைத் தாக்கற நோய்) மாதிரிதான் இருக்கு, ஆனா இது முதல் அட்டாக், உறுதி பண்ண அடுத்த அட்டாக் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம், இல்ல முதுகுல தண்ணி (மூளை, தண்டுவடத்தைச் சுத்தி இருக்கற சிஎஸ்எஃப்) எடுத்து ஓசிபி டெஸ்ட் (அதுல ஆன்டிபாடிங்கற எதிர்ப்புப் புரோட்டீன் கோடுங்க இருக்கான்னு பாக்கறது) பாக்கலாம், எம்எஸ்ஸை உறுதி பண்ற 2017 மெக்டொனால்டு விதிப்படி அது பாசிட்டிவ்னா காத்திருக்க வேண்டாம்னு. இன்னொரு அட்டாக்குக்கு யாருங்க காத்திருப்பா, சரின்னுட்டோம்.

அத்தை ஒரு பக்கம், தண்டுவடத்துல ஊசி போட்டா கால் வராம போயிடும்னு ஒரே அழுகை. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிஞ்சிடுது, ஊசி போறது அதுக்கும் கீழ, அங்க வெறும் நரம்புக் கொத்துதான் தண்ணில மிதக்குதுன்னு பிஜி டாக்டர் படம் வரைஞ்சு காட்டினப்புறம்தான் ஓய்ஞ்சாங்க. ஊசி போட்டது சீக்கிரமே முடிஞ்சுது, ஒண்ணும் பிரச்சனை இல்ல.

பிரச்சனை அப்புறம்தான். ஓசிபி எங்க ஊர்ல பண்றதில்ல, வெளியூர் லேபுக்கு ஐஸ் பெட்டில போகணும். பணம் கட்டி அனுப்பியாச்சு. மறுநாள் அங்கேருந்து போன், "சீரம் (ரத்தத்துலேருந்து பிரிக்கற தெளிஞ்ச நீர்) எங்க சார், சிஎஸ்எஃப் மட்டும் வந்திருக்கு, ரிஜெக்ட் பண்றோம்"னு. கவுண்டர்ல இருந்தவர்ட்ட போய் கேட்டா, ஃபார்ம்ல சிஎஸ்எஃப்னுதானே எழுதியிருக்கு, அதத்தானே அனுப்பினோம்னு என்னையே திருப்பிக் கேக்குறார்! வார்டுக்குப் போனா லேப்ல கேளுங்கன்னாங்க, லேபுக்கு வந்தா வார்டுல கேளுங்கன்னாங்க.

ரத்தம் ஏன் கட்டாயம்னு பிஜி டாக்டர்தான் விளக்கினார். அந்த லேப்ல புரோட்டீனை ஜெல்லுல ஓடவிட்டு மின்சாரத்தால பிரிப்பாங்களாம், ஐஜிஜிங்கற வகை ஆன்டிபாடிங்க தனித்தனி கோடா வரும். தண்ணில கோடு இருந்தா மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாது, ஏன்னா அந்தத் தண்ணில இருக்கற புரோட்டீன்ல பெரும்பகுதி ரத்தத்துலேருந்து கசிஞ்சு வர்றதுதான். ரெண்டுலயும் அதே கோடுன்னா உடம்பு முழுக்க ஏதோ நடக்குது. தண்ணில மட்டும் ரெண்டோ அதுக்கு மேலயோ கோடு இருந்தா, ஆன்டிபாடி மூளைக்கு உள்ளயே தயாராகுதுன்னு அர்த்தம். எம்எஸ்ல தண்ணில காமா குளோபுலின் (ஆன்டிபாடிங்க அடங்கின புரோட்டீன் வகை) கூடுதுன்னு 1942லயே கபாட்ங்கறவர் குழு காட்டியிருக்கு, ஆனா அந்த ஆன்டிபாடி எதுக்கு எதிரா உருவாகுதுன்னு இன்னிக்கும் தெளிவா தெரியலையாம். இவ்ளோ விஷயம் இருக்கற டெஸ்ட்டுக்கு ஒரு ட்யூப் ரத்தம் எடுக்க யாருக்கும் தோணல பாருங்க.

மறுபடி முதுகுல குத்தணுமோன்னு நெனச்சா வயித்தக் கலக்கிடுச்சு. காப்பாத்தினது ஒரு லேப் டெக்னீஷியன் அக்கா. செல் கவுண்ட், சுகர் பாத்தது போக மிச்சத் தண்ணிய ஃபிரிட்ஜ்ல எடுத்து வச்சிருந்தாங்க! அன்னிக்கே ரத்தம் எடுத்து, ரெண்டு ட்யூப்லயும் பேர், தேதி, நேரம் எழுதி, அந்த வெளியூர் லேபுக்கு அவங்களே போன் போட்டு, இவ்ளோ இடைவெளி இருந்தா ஏத்துக்குவீங்களான்னு கேட்டு உறுதி பண்ணி அனுப்பினாங்க. அவங்களுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தேன், வாங்கவே மாட்டேன்னுட்டாங்க.

ரிசல்ட், தண்ணில கோடு இருக்கு, ரத்தத்துல இல்ல. சந்தோஷப்படற விஷயமில்லதான், ஆனா மருந்த உடனே ஆரம்பிக்க முடிஞ்சுது.

போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். எம்எஸ் மாதிரியே இருக்கற வேற நோய்ங்களைப் பிரிச்சுப் பாக்கற அக்வாபோரின்-4, மாக் ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கும் ரத்தம்தான் வேணும், ஒரே தடவைல எடுத்துடச் சொல்லுங்க. ஊசி போடறதுக்கு முன்னாடியே, நுனி கூரா இல்லாத ஏட்ரொமேட்டிக் ஊசி இருக்கான்னு கேளுங்க, அதுல தலைவலி கம்மி. தங்கச்சிக்கு சாதா ஊசிதான், எழுந்து உக்காந்தா தலை பிளக்கும், படுத்தா போயிடும், காபியும் மாத்திரையுமா ஓட்டினா. ஒரு வாரம் படுத்தே கிடந்தா தலைவலி வராதுன்னு சொல்றத நம்பாதீங்க, படுக்கையால அது தடுக்கப்படறதில்லன்னு டாக்டரே சொன்னார்.

அப்புறம் இன்சூரன்ஸ். டெஸ்ட்டுக்காக மட்டும் அட்மிட் ஆனா கிளெய்ம் கிடையாது, பாலிசில எக்ஸ்க்ளூஷன் 04னு தெளிவா போட்டிருக்கும். சிகிச்சையா ஸ்டீராய்டு டிரிப் போட்டதும் அதே அட்மிஷன்லதான், ஆனா டெஸ்க்ல இருந்த புண்ணியவான் "எவால்யுவேஷன்"னு மட்டும் எழுதி அனுப்பிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரிய திருத்தி வாங்கி மறுபடி போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.