பாலை மரத்தடியில் எட்டுப் பேர்

பழைய மாணவர் சங்க மலருக்குப் பாடசாலை நினைவு ஒன்று எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, 1996இல் நாம் படித்த கிடுகுக் கொட்டில்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் நீங்கள் சைவசமயப் புத்தகத்தைத் திறக்கும்போது, கொப்பியையும் எடுத்துக்கொண்டு வகுப்பைவிட்டு எழுந்து போன கிறிஸ்தவப் பிள்ளைகளான எங்களைப் பற்றி எழுத வேறு ஒருவரும் இல்லை.

நாங்கள் எட்டுப் பேர். ஆறாம் ஆண்டுச் சிறுமியும் இருந்தாள், சாதாரண தரப் பரீட்சைக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். பரீட்சையில் கத்தோலிக்கத்துக்கு ஒரு வினாத்தாள், கிறிஸ்தவத்துக்கு இன்னொரு வினாத்தாள். எங்களுக்கோ இரண்டுக்கும் ஆசிரியர் இல்லை. உயர்தரத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்காதான் மைதான ஓரத்துப் பாலை மரத்தின் கீழ் எங்களை இருத்திப் படிப்பித்தார். முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் வந்தவர். பாலைப்பழக் காலத்தில் பழத்தின் பால் பட்டு எங்கள் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். அக்காவின் விவிலியத்தில் பல பக்கங்களிலும் அந்தப் பால் காய்ந்த கறை இருந்தது.

அக்காவிடம் ஒரு பால்மாப் பேணி இருந்தது. எங்கள் எட்டுப் பேரின் பெயர்களையும் கொப்பி மட்டைத் துண்டுகளில் எழுதி அதற்குள் போட்டிருந்தார். பாடம் முடியும்போது ஆளுக்கு ஒரு துண்டு எடுக்க வேண்டும். யாருடைய பெயர் கைக்கு வருகிறதோ அவருக்காக அடுத்த செவ்வாய் வரை செபிக்க வேண்டும். அவர் பாடசாலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்தவர்தான் வீடு தேடிப் போக வேண்டும். அடுத்த வகுப்பில் அக்கா கேட்கும் முதல் கேள்வி, “உன்னிடம் இருந்தவர் எப்படி இருக்கிறார்?” என்பதுதான். மனப்பாட வசனம் அதற்குப் பிறகுதான் வரும்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட்டு, கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்த ஒருவன் எங்களோடு இருந்தான். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். கத்தோலிக்கரான எங்களுக்குச் செபம், அவனுக்கு ஜெபம். எங்களுக்கு விவிலியம், அவனுக்கு வேதாகமம். நாங்கள் செபமாலை சொல்லும்போது தலையைக் குனிந்து பேசாமல் இருப்பான். ஒருநாள் எல்லோருக்கும் முன்னால், “உன் கோயிலில் மாதாவுக்கு இடம் இல்லை, உனக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்டுவிட்டேன். அக்கா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பாடசாலை விட்ட பின் வாய்க்கால் கட்டோடு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். “உன் சகோதரன் பிழை செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல் என்று மத்தேயு பதினெட்டில் இருக்கிறது. அதனால்தான் அங்கே சொல்லாமல் இங்கே சொல்கிறேன், தம்பி” என்றார். பிழை என்னவென்று நான்கைந்து வார்த்தைகளில் சொன்னார். அதற்குப் பிறகு என் அம்மாவின் சுகத்தை விசாரித்தார். மறுநாள் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் திருத்துவதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அந்த வாய்க்கால் கட்டில் கற்ற அளவுக்கு எதிலும் கற்றதில்லை.

அடுத்த ஆண்டு மூளை மலேரியாவில் என் அப்பா இறந்தார். நானும் காய்ச்சலோடு பாயில் கிடந்தேன். அந்த வாரம் என் பெயர் வட்டுக்கோட்டைக்காரனிடம் போயிருந்தது. சைக்கிளில் வந்து, செத்தையோரம் அமர்ந்து, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வேதாகமத்தைத் திறந்தான். இனி நான் செபிக்கப் போவதில்லை, அதை மூடி வை என்றேன். அவன் மூடவில்லை. நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கிய பகுதியை வாசித்தான். மாற்கு இரண்டாம் அதிகாரம்.

“படுத்துக் கிடந்தவன் இதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பார்த்தாயா? தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு பேசுகிறார். நீ பேசாமல் படுத்திரு. நாங்கள் ஏழு பேர் இருக்கிறோம்” என்றான். சொல்லிவிட்டு எங்கள் கிடுகுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது.

வளர்ந்த பிறகு நம் மண்ணின் திருச்சபை வரலாற்றைப் படித்தபோது, அந்தப் பேணி அக்காவின் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல என்று தோன்றியது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் விழுந்தன. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். கோவாவிலிருந்து வந்த குருவானவர் யோசவ் வாஸ் அடிகளார் இலங்கையில் காலடி வைத்தது 1687இல். இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். அவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்ததும், சாகக் கிடந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்து மன்றாடியதும் அயல்வீட்டுக்காரர்கள்தான். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு மடுக் காட்டுக்குள் போனவையும் சாதாரணக் குடும்பங்கள்தான். பின்னர் அடிகளாரும் ஊர் ஊராக மூப்பர்களையும், செபம் படிப்பித்த பொதுநிலையினரான அண்ணாவிமாரையும் நம்பித்தான் பணி செய்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்றே மடு மாதா திருத்தலத்துக்கும் போனார். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதேன். பெயர் தெரியாத அந்த அண்ணாவிமாரை நினைத்துத்தான் அழுதேன்.

புலம்பெயர்ந்த நாடுகளில் நமக்குக் கோயில் இருக்கிறது, குருவானவர் இருக்கிறார், தமிழில் பூசையும் இருக்கிறது. மறைக்கல்விக்குப் பிள்ளையை இறக்கிவிட்டுக் காருக்குள் காத்திருக்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் காத்திருந்தேன். பூசைக்கு வராமல் நின்றுவிட்ட ஒருவரைப் பற்றி நான்கு பேரிடம் விசாரிக்கிறோம், அவரிடம் மட்டும் போவதில்லை. இது எனக்குப் பெரும் வேதனை. விசுவாசம் அவரவர் சொந்த விடயம் என்று இங்கே சொல்லிச் சொல்லி நாமும் அதை நம்பிவிட்டோம். அது மட்டுந்தான் உண்மை என்றால், பதினான்கு வயதில் அந்தப் பாயிலேயே என் விசுவாசம் முடிந்திருக்கும்.

அந்த எட்டுப் பேரில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. ஒருத்தி மன்னாரில் ஆசிரியை. மற்றவர்கள் பிரான்ஸ், நோர்வே, இங்கிலாந்து, கனடா என்று சிதறியிருக்கிறோம். அக்கா நோர்வேயில். இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் அவர் வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஒரு பெயர் அனுப்புகிறார். வட்டுக்கோட்டைக்காரன் 2009இல் தன் மகனை இழந்தான். தன்னிடம் இனி ஜெபத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எழுதினான். அவனிடம் நாங்கள் அதைப் பேசுவதில்லை. ஆனால் அவன் பெயரைப் பேணியிலிருந்து எடுக்கட்டுமா என்று அக்கா கேட்டபோது, “இருக்கட்டும்” என்று மட்டும் பதில் போட்டான்.

சென்ற மாதம் எனக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்தது. அந்த வாரம் என் பெயர் அவனிடம் போயிருந்தது. இங்கே விடிவதற்கு முன்னமே தொலைபேசி ஒலித்தது. லண்டனிலிருந்து அவன். “சாப்பிட்டாயா? இரவு நித்திரை வந்ததா?” என்று கேட்டான். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் தொடர்பிலேயே இருந்தான். நானும் பேசவில்லை. அவனுடைய மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.