நுவரெலியாவுல ஹீலியம் கொதிச்சா

எங்க அம்மாயி வீடு நுவரெலியாப் பக்கம், லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல. அங்க போனா பருப்பு லேசுல வேகாது, விறகு ஈரம்னு அம்மாயி சொல்லும், ஆனா காரணம் உயரம்தான். 1868 மீட்டர்ல காத்தோட அமுக்கம் குறைவு, தண்ணி கிட்டத்தட்ட 94 டிகிரியிலயே கொதிச்சிரும், அதுக்கு மேல எவ்வளவு எரிச்சாலும் சூடு ஏறாது. ஏ.எல்லுல, அதாவது உயர்தர வகுப்புல, ஆவியமுக்கம் (ஒரு திரவத்தோட ஆவி அமுக்குற அளவு) படிக்கிறப்போதான் இது எனக்கு வெளங்கிச்சு.

ரொம்பக் குறைஞ்ச வெப்பநிலைய அளக்கிற ஆவியமுக்க வெப்பமானியும் இதே வேலையத்தான் செய்யுது, தண்ணிக்குப் பதிலா திரவ ஹீலியம், அதோட ஆவி எவ்வளவு அமுக்குதுன்னு பாத்து வெப்பநிலையச் சொல்லிரலாம். கடல் மட்டத்துல ஹீலியம் 4.2 கெல்வின்ல (கெல்வின்னா கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி செல்சியஸ சைபரா வச்சு எண்ணுற அளவு) கொதிக்கும். அதே பாத்திரத்தத் தூக்கிட்டு நுவரெலியாவுக்கு வந்தா? கணக்குப் போட்டுப் பாத்தேன், கிட்டத்தட்ட 4.0 தான் வருது, அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே! அதனாலதான் திரவ ஹீலியம்னா 4.2னு சும்மா எழுதிறக் கூடாது, அமுக்கத்த அளக்கணும், அதுல ஒரு கிலோபாஸ்கல் தப்பினாலே 10 மில்லிகெல்வின் தப்பிரும்.

2.17 கெல்வினுக்குக் கீழ வேற தொல்லை. ஹீலியம் சூப்பர்ஃப்ளூயிட் (உராய்வே இல்லாம ஓடுற திரவம்) ஆகி, மெல்லிய படலமா குழாய்ச் சுவத்துல மேல ஏறி, சூடான இடத்துல ஆவியாகி, அமுக்கத்தக் கூட்டிக் காட்டிரும். ஆவியும் சீக்கிரமே தீந்து போகுது, 1 கெல்வின்ல சுமார் 16 பாஸ்கல்தான் மிஞ்சும். ஹீலியம் 3க்கு (அதே ஹீலியத்தோட எடை குறைஞ்ச வகை) அங்க அந்தப் படலமும் இல்ல, அதே 1 கெல்வின்ல 1100 பாஸ்கலுக்கு மேல இருக்கும், அதனால 1990 சர்வதேச வெப்பநிலை அளவுத்திட்டம் அதோட ஆவிய வச்சே 0.65 கெல்வின் வரைக்கும் இறங்குது.

அதுக்கும் கீழ போக காந்த வெப்பமானி. சீரியம் மக்னீசியம் நைட்ரேட்னு ஒரு உப்பு, சுத்திலும் கம்பிச்சுருள். கியூரி விதிப்படி வெப்பநிலை பாதியானா உப்போட காந்த ஏற்புத்திறன், அதாவது காந்தப் புலத்துல அது எவ்வளவு காந்தமாகுதுங்கிற அளவு, ரெண்டு மடங்காகும், அதாவது ஆவி எங்க மெலியுதோ அங்கதான் காந்தம் பலமாகுது, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இதுதான். சில மில்லிகெல்வின் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஆனா அந்த உப்புக்கு முதல்ல அளவு குறிச்சுக் குடுக்க ஆள் வேணும், அத 1 கெல்வினுக்கு மேல ஹீலியம் ஆவியோட ஒப்பிட்டுத்தான் வழக்கமா செய்றாங்க.