நீல மேகம் போட்ட ஃபைல்கள்

வேலையை விட்டுப் போன ஒருவரின் சொந்த டிராப்பாக்ஸ் (இணையத்தில், அதாவது கிளவுடில், ஃபைல் சேமிக்கும் சேவை) கணக்கில் எங்கள் விலைப்பட்டியல் கிடந்தது, அவர் போய் மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவந்தது. திருட்டெல்லாம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து முடிக்கலாமென்று எடுத்துப் போனது, அப்படியே தங்கிவிட்டது. மேலாளருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. "திங்கட்கிழமைக்குள்ள எல்லா கிளவுடையும் மூடிடுங்க" என்றார். சரி என்றேன். அரை மணி நேர வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவைத் தடுக்க, அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசியில் தனியாக ஒரு விதியே இருக்கிறது. 'எனேபிள்ட்' கொடுத்து ஓகே அழுத்தினேன். (தடுக்க வேண்டுமென்றால் எனேபிள், டிஸேபிள் கொடுத்தால் தடை இல்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுந்து எழுந்திருப்பார்கள்.) கணினிகள் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய விதிகளைத் தாமாக வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒரே நேரத்தில் சர்வர் மேல் பாயாமலிருக்க, அதற்கு மேலும் அரை மணி வரை ஆளுக்கொரு தாமதம். அதனால் குழப்பமும் தவணை முறையில்தான் வந்தது.

முதல் ஃபோன் கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து. "தம்பி, என் எக்செல் டெஸ்க்டாப்புலதான் இருக்கு, ஆனா திறக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது, கடைசியாகச் சேமித்த தேதிகூடத் தெரிகிறது. தட்டினால், கிளவுட் ஃபைல் புரொவைடர் இயங்கவில்லை என்று ஒரு செய்தி. ஃபைலின் ஓரத்தில் சின்னதாக ஒரு நீல மேகம்.

மேகம் இருந்தால் அந்த ஃபைல் வட்டில் இல்லை என்று அர்த்தம். வெறும் பெயர்ப்பலகை, சரக்கு மேலே கிளவுடில். கேட்கும்போது இறக்கித் தருகிற ஆள் ஒன்டிரைவ். அந்த ஆளைத்தான் நான் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். எல்லோருடைய டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் நிறுவன ஒன்டிரைவுக்குள் நகர்த்தியதும், போன வருடம், நானேதான். பேக்கப்புக்கு நல்லது என்று மெயில் வேறு போட்டிருந்தேன்.

விதியைத் திரும்ப எடுத்தேன். அக்காவின் கணினியில் ஜிபிஅப்டேட் (விதிகளை உடனே வாங்கிக்கொள்ளச் சொல்லும் கட்டளை) ஓட்டி, மறுபடி லாகின் செய்ததும் எக்செல் திறந்தது.

எனக்குத் தேவைப்பட்டவை வேறு இரண்டு விதிகள்: குறிப்பிட்ட நிறுவனக் கணக்குகளை மட்டும் சிங்க் செய்ய (கணினியையும் கிளவுடையும் ஒன்றாக வைத்துக்கொள்ள) விடுவது ஒன்று, சொந்தக் கணக்குகளின் சிங்கைத் தடுப்பது இன்னொன்று. முதலாவதில் நிறுவனத்தின் டெனன்ட் ஐடியை (மைக்ரோசாஃப்டிடம் நிறுவனத்துக்கான அடையாள எண்) கொடுத்து, இரண்டாவதையும் போட்டால், சொந்தக் கணக்கு சிங்க் ஆகாது, அலுவலகக் கணக்கு ஓடும். இந்த விதிகள் முதலில் என் பட்டியலிலேயே இல்லை. அவற்றை விவரிக்கும் டெம்ப்ளேட் ஃபைல் ஒன்டிரைவ் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் 'adm' என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து எடுத்து டொமைனின் (அலுவலகக் கணினிகளின் பொது வலையமைப்பு) பாலிசி டெஃபனிஷன்ஸ் ஃபோல்டரில் போட்ட பிறகுதான் கண்ணில் படும்.

மற்ற சேமிப்புச் செயலிகளுக்கு ஆப்லாக்கர், எந்தச் செயலி ஓடலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் வசதி. அட்மின் உரிமையே கேட்காமல் பயனரின் சொந்த ஃபோல்டரான ஆப்டேட்டாவுக்குள் குடியேறுகிற ரகங்கள் உண்டு. ஃபைல் பெயரை வைத்துத் தடுத்தால் பெயரை மாற்றிவிடுவார்கள், அதனால் வெளியீட்டாளரின் கையொப்பத்தை வைத்து விதி எழுதினேன். சூடு பட்டவன் என்பதால் இந்த முறை இரண்டு வாரம் ஆடிட் முறையில் மட்டும் விட்டேன். தடுக்காது, தடுத்திருந்தால் எது மாட்டியிருக்கும் என்று விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் லாகில் 8003 எண்ணோடு எழுதி வைக்கும். பெரும்பாலான வரிகள் டிசைன் பிரிவிலிருந்து வந்தன. போய்க் கேட்டால், அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய ஃபைல் மெயிலில் போகாத அளவு பெரிது. வேறு வழி யாரும் சொல்லித் தரவில்லை, அவர்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நிறுவனக் கணக்கிலிருந்தே காலாவதித் தேதியோடு லிங்க் அனுப்பக் காட்டிக் கொடுத்தேன். அப்புறம்தான் தடையைப் போட்டேன். பிரவுசர் வழியாக ஏற்றுவதற்கு தனியாக ஒரு முகவரித் தடைப்பட்டியல். அது இன்னும் நீண்டுகொண்டே போகிறது.

நேற்று கணக்குப் பிரிவிலிருந்து மறுபடி ஃபோன். நீல மேகத்தைக் கண்டாலே அக்காவுக்குப் பயம், ஒவ்வொரு ஃபோல்டராக 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு' கொடுத்து எல்லாவற்றையும் பச்சை டிக் ஆக்கிவிட்டார்களாம். "தம்பி, டிஸ்க் ஃபுல்லுன்னு வருது."