"கொஞ்சம் ஏத்துங்க சிஸ்டர்"

ஐசியூவில் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் வரும் உரசலில் பாதி, ஆர்டர் எழுதும் விதத்தால் வருகிறது. "பிரஷர் குறைஞ்சா நார்அட் கொஞ்சம் ஏத்துங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு டியூட்டி டாக்டர் அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். நார்அட் என்பது பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து. கொஞ்சம் என்றால் எவ்வளவு? 50 மில்லி சிரிஞ்சில் 4 மில்லிகிராம் நார்அட்ரினலின் கலந்து மணிக்கு 5 மில்லி ஓடவிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 6.7 மைக்ரோகிராம் போகும். 8 மில்லிகிராம் கலந்திருந்தால் அதே 5 மில்லியில் இரண்டு மடங்கு. பகலில் ஒருவர் சிங்கிள், இரவில் இன்னொருவர் டபுள் என்று கலந்தால், பம்ப் காட்டும் எண் மட்டும் மாறாது.

ஆகவே கேஸ் ஷீட்டில் எத்தனை மில்லியில் எவ்வளவு மருந்து, எம்ஏபி, அதாவது சராசரி தமனி அழுத்தத்தின் இலக்கு (பெரும்பாலும் 65), ஒரு தடவைக்கு எவ்வளவு ஏற்றலாம், எதைத் தாண்டினால் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசி எண் விடுபட்டால் சண்டை நிச்சயம். இரவு 3 மணிக்கு டாக்டரை எழுப்பினால் "இதுக்கா கூப்பிட்டீங்க?", எழுப்பாவிட்டால் காலை ரவுண்ட்ஸில் "ஏன் சொல்லலை?"

கூப்பிடும் பக்கமும் பிசகும். "சார், பேஷன்ட் சரியில்லை" என்பதை வைத்து அரைத்தூக்கத்தில் யாரும் முடிவெடுக்க முடியாது. "4ஆம் பெட், செப்சிஸ். நார்அட் 6லேர்ந்து 10 ஆக்கியும் எம்ஏபி 58. ரெண்டு மணி நேரமா யூரின் 15 மில்லிதான். நீங்க வந்து பார்க்கணும்." அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள். போனில் வரும் டோஸைத் திருப்பிச் சொல்லும்போது 'ஃபிஃப்டீன்' போதாது, 'ஒன் ஃபைவ்' என்று சொல்ல வேண்டும். காதில் ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ஆகிவிடும்.

சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் செருகும் குழாய்) போடும்போது தொற்றைத் தடுக்க, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் 2001இல் கொண்டுவந்த செக்லிஸ்ட் எல்லோருக்கும் தெரியும். ஒரு படி தவறினால் டாக்டரை நிறுத்தும் அதிகாரமும் அதோடு நர்ஸுக்குத் தரப்பட்டது. நிர்வாகமும் துணை நின்றது. மிச்சிகனில் 103 ஐசியூக்களில் இம்முறை பரவியபோது, 1,000 கதீட்டர் நாட்களுக்கு (ஒரு குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு கதீட்டர் நாள்) 2.7 என்றிருந்த லைன் தொற்றின் இடைநிலை அளவு 3 மாதத்தில் பூஜ்யமானது.

நம்மூரில் பல இடங்களில் தாளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தோம். லைன் போட்டு முடித்தபின் மொத்தமாக டிக் விழுகிறது. உடல் முழுக்க மூடும் பெரிய டிரேப் (கிருமி நீக்கிய துணி) ட்ராலியில் இல்லை, ஸ்டோருக்குத்தான் ஓட வேண்டும் என்றால், நடுராத்திரியில் எந்த சிஸ்டர் "நிறுத்துங்க சார்" என்பார்?